உடைமுள்

1

இந்தக் கதை என்னுடையது அல்ல. கோவில்பட்டியிலிருந்து திருநெல்வேலி போகிற பஸ்ஸில், பக்கத்து சீட்டில் கிடைத்தது. கொடுத்தவள் வெள்ளைத்தாய். ஜன்னலோரம் அவள் புருஷன் சாமித்துரை கழுத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஆடு மேய்க்கிறவர். பேசினால் வெறும் காற்றுத்தான் வந்தது. மறுநாள் அவருக்கு ஆபரேஷன். குரல்வளையை முழுதாக எடுத்துவிட்டு, கழுத்தில் ஓட்டை போட்டு அதன் வழியாக மூச்சுவிட வைப்பார்கள்.

நான் கதை எழுதுகிறவள் என்று தெரிந்ததும் அவள் கேட்டது ஒன்றுதான்.

"யக்கா, கதையிலயாவது இவியள சித்திரையிலயே ஆஸ்பத்திரில படுக்க வச்சிருங்க."

சரி என்று சொல்லிவிட்டேன். என் வாய் சும்மா இருக்குமா?

2

முதல் தொடக்கம்: கரிசல் வெடித்துக் கிடந்த சித்திரை வெயிலில் அவர்

(வேண்டாம். கரிசல் என்று எழுதினால் உடனே அது வெடித்தாக வேண்டுமா? எங்கள் பக்கத்து எழுத்தாளர்களுக்கு இது ஒரு வியாதி.)

இரண்டாவது: சாமித்துரைக்குப் பங்குனியிலிருந்தே தொண்டை கட்டியிருந்தது. ஆடுகளைக் கத்திக் கூப்பிட்டதால் வந்தது என்று பனங்கற்கண்டும் மிளகும் மென்றுகொண்டிருந்தார். சித்திரையில் வெள்ளைத்தாய் அவரை ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள். டாக்டரம்மா மூக்கு வழியாகக் கேமராக் குழாயை விட்டுப் பார்த்தார். குரல் நாணில் புற்று. அரிசி அளவு.

"பயப்படாதீங்க, ஆரம்பத்துலயே வந்துட்டீங்க. கழுத்த வெட்ட வேண்டாம். வாய் வழியாவே லேசர் வச்சு எடுத்துரலாம். ரெண்டு நாள்ல வீட்டுக்குப் போயிரலாம். ஆனா தள்ளிப்போடக் கூடாது."

3

முதல் பிரதியில் இந்த டாக்டரம்மாவைச் சிடுமூஞ்சியாக எழுதினேன். பழியை அவர் தலையில் போட வசதியாக இருந்தது. ஆனால் வெள்ளைத்தாய் சொன்னது வேறு. தங்கமான மனுஷி, கையைப் பிடித்துக்கொண்டு பேசினாராம். அதுதான் வினையாகிவிட்டது.

(அடிக்குறிப்பாக வர வேண்டியது, இங்கேயே கிடக்கட்டும்: உடைமரத்தை மேயும் ஆட்டுக்குச் சில சமயம் தொண்டையில் முள் சிக்கும். சாமித்துரை ஆட்டைக் காலிடுக்கில் பிடித்து, வாயைப் பிளந்து, இரண்டு விரலை விட்டு எடுத்துவிடுவார். ஆடு தலையை உதறிவிட்டு மறுபடி மேயப் போய்விடும்.)

ஆஸ்பத்திரி வாசலில் அவர் சிரித்தாராம். "ஏட்டி, வாயத் தொறந்து எடுக்கதுக்கா இம்புட்டு பயந்த? உடைமுள்ளு மாதிரிதான. கிடைய முடிச்சிட்டு வந்துக்கிடலாம்."

எங்கள் ஊரில் வெட்டின அளவை வைத்துத்தான் வியாதியை அளப்பார்கள். வயிற்றைக் கிழித்தால் பெரிய வியாதி. மேலே கீறல்கூட விழாத வியாதியை யார் மதிக்கிறார்கள்?

பசுவந்தனைப் புஞ்சைக்காரர் ஆறுமுகசாமிக்கு அவர் வாக்குக் கொடுத்திருந்தார். மழைக்கு முன்னால் ராத்திரிதோறும் புஞ்சையில் ஆடுகளை அடைத்து நிலத்துக்கு உரமேற்றுகிற கிடை. அது முடிந்ததும் அடுத்த புஞ்சைக்காரர் கூப்பிட்டார். ஆவணியில் சாமித்துரை குரல் கொடுத்தால் சொந்த ஆடுகளே திரும்பவில்லை. பக்கத்தில் நின்று வெள்ளைத்தாய் கூப்பிட வேண்டியிருந்தது.

புரட்டாசியில் மழை இறங்கிய பிறகுதான் போனார்கள். டாக்டரம்மா மறுபடி குழாயை விட்டுப் பார்த்தாராம். ஒரு நாண் அசையவே இல்லை. இனி வாய் வழியாக எடுக்க முடியாது.

4

கேட்டபடி எழுதுகிறேன். சித்திரை மாதம். சாமித்துரை மேசையில் படுக்கிறார். மயக்க மருந்து கொடுக்கிறார்கள். வாய்க்குள் ஓர் உலோகக் குழாய், அதன் வழியாக ஒளி. அரிசி அளவுப் புற்று வெளியே வந்துவிடுகிறது. வீடு திரும்பியவர் கொஞ்ச நாள் வாய் பேசாமல் இருந்துவிட்டு மந்தைக்குப் போகிறார். குரல் கரகரக்கிறது. ஆனாலும் ஆடுகள் தலையைத் தூக்கி

(நிறுத்திவிட்டேன். எழுதும்போது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதுதான் கேவலம். கழுத்தில் ஓட்டையோடு படுத்திருக்கப்போகிறவருக்கு இதை யார் வாசித்துக் காட்டுவது?)

இன்னொரு முடிவும் இருக்கிறது: ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து அவர் பல வருஷம் உயிரோடு இருப்பார். இருக்கலாம், டாக்டரம்மாவும் அப்படித்தான் சொல்லியிருக்கிறார். பத்திரிகைக்காரர்களுக்கும் பிடிக்கும். ஆனால் ஆடுகளை அவர் எதைக்கொண்டு கூப்பிடுவார்? எனக்குத் தெரியவில்லை. தெரிந்த மாதிரி எழுத வெட்கமாக இருக்கிறது.

5

கயத்தாறில் பஸ் நின்றது. ரோட்டோரம் யாருடைய மந்தையோ போய்க்கொண்டிருந்தது. சாமித்துரை ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். வாயை அகலத் திறந்து கூப்பிட்டார். அந்தக் கூப்பாட்டை எழுத்தில் போட்டுப் பார்த்தேன்: ட்ர்ர்ரீ... ஹ்ர்ர்... அடித்துவிட்டேன். ஒரு கை தூரத்தில் இருந்த எனக்கே சரியாகக் கேட்கவில்லை. ஒரு ஆடும் திரும்பவில்லை.

வெள்ளைத்தாய் அவர் முதுகைத் தடவினாள்.

"அது வேற ஆளு ஆடுல்லா. அதான் திரும்பல."

அவர் அவளைப் பார்த்தார். நம்புகிறவர் மாதிரி தலையாட்டிவிட்டு உட்கார்ந்தார்.

6

கண்டக்டர் விசிலை வாயில் வைத்துவிட்டார். ஊதினால் பஸ் கிளம்பும், திருநெல்வேலி வந்துவிடும், நாளைக்கு விடிந்துவிடும். கதைக்குள்ளாவது பஸ் கயத்தாறிலேயே நிற்கட்டும், வெள்ளைத்தாயின் கை அவர் முதுகில் இருக்கட்டும். என்னால் முடிந்தது அவ்வளவுதான். முடிவு வேண்டும் என்கிறவர்கள் விசிலை வாங்கி நீங்களே ஊதிக்கொள்ளுங்கள். உங்களுக்கு மூச்சு வாய் வழியாகத்தானே வருகிறது.

நான் ஊத மாட்டேன்.