செம்புக்கு எழுதிய கடைசி அட்டை

1

இந்தக் கதை ஒரு பொய்யிலிருந்து பிறந்தது. நான் இன்னும் சொல்லாத பொய். சொல்லலாமா என்று பார்க்கத்தான் எழுதுகிறேன்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘செக் நாட்டின் பிர்னோ நகரில் பனி பெய்து...’ வேண்டாம். பெய்தது மழை. (கதை எழுதுகிறவனுக்குப் பனிதான் பிடிக்கும்.)

2

சொற்பிறப்பு அகராதி அலுவலகத்தில் எனக்குப் பக்கத்து மேசை விலஸ்திமில் ஹொர்க்கி. செம்புக்குச் செக் முதலான ஸ்லாவிய மொழிகளில் ஏறக்குறைய ஒரே சொல்தான்: மியெத். அது எங்கிருந்து வந்தது என்று யாருக்கும் நிச்சயமில்லை. பழைய ஈரானிய நாடான மேதியாவின் பெயரிலிருந்து வந்ததாக ஒரு கருத்து உண்டு. அதை நிரூபிக்க மனிதர் பத்தொன்பது வருடம் அட்டை அட்டையாகக் குறிப்பு எழுதித் தள்ளினார். மார்ச் மாதம் மாரடைப்பில் போய்ச் சேர்ந்தார்.*

* இந்த வாக்கியத்தை எழுதிவிட்டு எழுந்துபோய் அவர் மேசைத் தூசியைத் துடைத்தேன்.

3

நேற்று அவர் மனைவி யர்மிலா வந்தார். ஒரு கண்ணில் அறுவைச் சிகிச்சைக் கட்டு, மறு கண்ணில் புரை. கணவரின் கோட்டுப் பையில் கிடைத்த அட்டையை நீட்டினார்.

“படி தம்பி. கண்டுபிடிச்சிட்டாரா?”

“உக்காருங்கக்கா. காப்பி...”

“காப்பி கெடக்கட்டும். வருஷா வருஷம் கடலுக்குப் போலாம்னு கெஞ்சுவேன். ‘இந்தச் சொல்லு முடியட்டும்’பாரு. நல்ல சக்களத்தி வந்து வாச்சா எனக்கு! கண்டுபிடிச்சிருந்தார்னா மன்னிச்சிருவேன்.”

சிரித்தார். உடனே அழுதார்.

அட்டையில் அத்தனை வாதங்களும் குறுக்கே அடிக்கப்பட்டிருந்தன. கீழே பென்சிலில்: ‘ஒலி பொருந்தவில்லை. தோற்றம் தெரியாது.’ இறப்பதற்கு முந்தைய நாள் தேதி.

எங்கள் தொழிலில் ‘தெரியாது’ என்று எழுதத் துணிச்சல் வேண்டும். அவரை நினைத்துப் பெருமையாக இருந்தது. ஆத்திரமாகவும் இருந்தது.

“கண்ணாடி கொண்டாரலக்கா. நாளைக்குப் படிச்சுச் சொல்றேன்” என்றேன். கண்ணாடி என் மூக்கின் மேல்தான் இருந்தது.

4

முடிவு ஒன்று: உள்ளதைப் படிக்கிறேன். அந்தம்மாவின் பத்தொன்பது வருடமும் வீண் என்றாகிவிடும்.

முடிவு இரண்டு: “கண்டுபிடிச்சிட்டாருக்கா.” யர்மிலா மன்னிப்பார். ஆனால் செத்தவர் கடைசியாகச் செய்த நேர்மையான காரியத்தை அழித்தவன் நானாவேன்.

முடிவு மூன்று: கண் கட்டு அவிழும்வரை ஏதாவது சாக்கு... [அடித்துவிட்டேன். இது கோழைத்தனம்.]

5

கீழே டிராம் நின்றது. யர்மிலா படியேறி வருகிறார். அட்டையை உங்கள் பக்கம் நகர்த்துகிறேன். வாசகரே, அந்த அட்டையை இப்போது நீங்களும் படித்துவிட்டீர்கள்.

“என்னப்பா எழுதியிருக்காரு?”

உங்களைத்தான் கேட்கிறார்.