கிட்டப் போனால் ஏறும் எண்

சின்னவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. மறுநாள் மாலை மின்னணு வகுப்பில், ஜாடியில் தண்ணீர் எவ்வளவு என்று எண்ணால் காட்டும் கருவியை ஆசிரியர் முன்னால் செய்துகாட்ட வேண்டும். எண் நிலையாக நிற்காவிட்டால் ஆறு மாதப் பாடத்தை மறுபடி முதலிலிருந்து படிக்க வேண்டியதுதான்.

வேலை என்னவோ சின்னதுதான். பிளாஸ்டிக் ஜாடியின் வெளிப்புறம் இரண்டு செம்புப் பட்டைகள். உள்ளே தண்ணீர் ஏற ஏற, பட்டைகள் பிடித்து வைக்கும் மின்சுமை கூடும். நகத்தளவு சிப் ஒன்று அதை அளந்து நேரே எண்ணாகத் திரையில் காட்டிவிடும்.

பாதி ஜாடிக்கு 412 வந்தது. அடுத்த நிமிடம் 431. பிறகு 424. தண்ணீர் ஒரு சொட்டுக்கூடக் கூடவில்லை. அவள் விடுவாளா? நேரம், அறையின் வெப்பம், மின்விசிறி ஓடியதா நின்றதா என்று கட்டம் போட்டு நாற்பது வரி எழுதினாள். ஒவ்வொரு தடவையும் ஜன்னல் வரை நடந்து, திரும்பி வந்து, குனிந்து பார்த்து எழுதினாள். ஈயம் உருக்கிப் பற்றவைத்த கம்பிகளை மூன்று முறை பிரித்து மறுபடி வைத்தாள். கடைசியில் தன் கைதான் ராசியில்லாத கை என்று முடிவுகட்டினாள்.

அதே அறையில் அக்கா ஒரு சட்டைக்குக் காலர் தைத்துக்கொண்டிருந்தாள். தங்கையின் நடை தாங்காமல் மிஷினை நிறுத்தினாள்.

“ஏன்டி, நீ எந்திரிச்சுப் போனா அது சும்மா கிடக்கு. நீ வந்து மூஞ்சியக் காட்டினா ஏறுது. உன்னப் பாத்துப் பயப்படுது போல.”

சின்னவள் எரிந்து விழுந்தாள். துணி தைக்கிறவளுக்கு இதில் என்ன தெரியும் என்று கேட்டும்விட்டாள். கேட்ட வாய் மூடுவதற்குள் சந்தேகம் வந்துவிட்டது. கதவோரம் போய் நின்று, திரையில் உள்ள எண்ணை அக்காவை இருந்த இடத்திலிருந்தே படிக்கச் சொன்னாள். 412. 412. 412. கையை நீட்டியபடி வந்தாள்; 420. குனிந்தாள், 431.

கிட்ட வந்த உடம்பும் தண்ணீரைப் போலவே பட்டைகளின் மின்சுமையைக் கூட்டியிருக்கிறது. நாற்பது வரியிலும் இருந்தது அவள் குனிந்த அளவு. தண்ணீரை அவள் அளக்கவே இல்லை.

வகுப்பு நோட்டைப் புரட்டினாள். ‘வெளியிலிருந்து எதுவும் பட்டைகளைப் பாதிக்காமல் தடுக்க, ஜாடியைச் சுற்றி வெளித்தகடு. அதையும், கம்பியைச் சுற்றியுள்ள செம்பு மேல்வலையையும், சிப்பில் இந்தத் தடுப்புக்கென்றே உள்ள காப்புக் காலில் சேர்க்க வேண்டும். கடைசி வேலை.’ அவளுடைய கையெழுத்தேதான். முதல் எண் ஆடியதுமே அங்கேயே நின்றுவிட்டவள், கடைசி வேலைக்கு எங்கே போனாள்? மேல்வலை அந்தரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. தகட்டைச் சுற்றி, அதையும் வலையையும் அந்தக் காலில் பற்றவைத்தாள். 409. குனிந்தாள். 409.

மறுநாள் ஆசிரியர் மூக்குக் கண்ணாடி திரையில் முட்டும் அளவுக்குக் குனிந்தார். எண் அசையவில்லை. ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றினார், ஏறி நின்றது. பேனாவைத் திறந்தவர் திரும்பிப் பார்த்தார்.

“ஏம்மா, கதவுகிட்டயே நிக்கிற? கிட்ட வா.”

“இருக்கட்டும் சார். நீங்க மொதல்ல கையெழுத்துப் போடுங்க.”

அவர் போட்டு முடித்த பிறகுதான் ஓரடி முன்னால் வைத்தாள். அப்போதும் கண் திரையில்தான் இருந்தது.