வண்டி நிறுத்தப் போனவர்

1

இந்தக் கதை எனக்கு ஒரு கல்யாண வீடியோவில் கிடைத்தது. பழைய கேசட்டுகளை சி.டி.யில் ஏற்றித் தரும் கடையில் என் வேலைக்காகக் காத்திருந்தேன். கடை டிவியில் யாரோ ஒருவர் வீட்டு ரிசப்ஷன் ஓடிக்கொண்டிருந்தது. வாசல் மேசைக்குப் பின்னால் அரக்குப் பட்டில் ஒரு பெண்மணி, கையில் பன்னீர் செம்பு. வருகிறவர்கள் மேல் தெளிக்கிறார், சிரிக்கிறார், கல்கண்டுத் தட்டை நீட்டுகிறார். ஒவ்வொரு முறையும் வந்தவரின் தோளுக்கு மேலாக வெளியே எட்டிப் பார்க்கிறார். அதற்குள் கடைக்காரர் வேகமாக ஓட்டிவிட்டார்.

அந்த அம்மாள் யாரை எதிர்பார்த்தார் என்று எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் எழுதியிருக்க மாட்டேன். வேதா என்று பெயர் வைத்தேன். பெயர் வைத்தது தப்பாகப் போயிற்று. பெயர் வைத்துவிட்டால் அப்புறம் அவர்கள் நம் பொறுப்பு.

2

முதலில் இப்படி ஆரம்பித்தேன்:

"1996ஆம் வருடம் வைகாசி மாதம், திருவண்ணாமலையில் வெயில் கொளுத்திய ஒரு பகலில், மண்டபத்து வாசலில்* வந்து நின்ற ஆட்டோவிலிருந்து தசரதன் இறங்கி—"

வேண்டாம். தசரதன் யாரென்றே தெரியாமல் அவர் இறங்கினால் என்ன, இறங்காவிட்டால் என்ன.

இரண்டாவதாக எழுதியது கட்டுரை மாதிரி வந்தது. ஆனால் அதில் கொஞ்சம் இல்லாமல் கதை நகராது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

பகல் ரிசப்ஷனுக்கு ஒரு பாவப்பட்ட முகம் உண்டு. தாலி கட்டு விடிகாலையிலேயே கோயிலில் முடிந்துவிடும். சாயங்காலம் மண்டபம் வேறு பார்ட்டிக்கு. அதனால் பதினோரு மணிக்கே பெண்ணையும் மாப்பிள்ளையையும் மேடையில் நிறுத்திவிடுவார்கள். சீரியல் பல்பு எரிகிறதா இல்லையா என்று வெயிலில் யாருக்கும் தெரியாது. பெண்ணின் முகப்பூச்சு கழுத்துக்கு இறங்கிக்கொண்டிருக்கும். பக்கத்து வேங்கிக்கால் ஆபீஸ்காரர்கள் சாப்பாட்டு நேரத்தில் மொத்தமாக வந்து, வரிசையில் நின்று, கவரைக் கொடுத்து, போட்டோவுக்குச் சிரித்து, அப்படியே பந்திக்குப் போய்விடுவார்கள். மெல்லிசைக் குழு காலி நாற்காலிகளைப் பார்த்துக் காதல் பாட்டுப் பாடும். பக்கத்தில் இருப்பவரிடம் பேசவே முடியாத அளவுக்குச் சத்தம் இருந்தால்தான் கல்யாணம் நன்றாக நடந்ததாக அர்த்தம்.

இன்னொரு சட்டமும் உண்டு. வாசல் மேசையில் நின்று பன்னீர் தெளிக்கிறவள் சுமங்கலியாக இருக்க வேண்டும். யாரும் எழுதி வைத்ததில்லை. யாரும் மீறினதும் இல்லை.

(* மண்டபத்தின் பெயர் வேண்டாம். நாளைக்கு யார் வீட்டுப் பெண்ணாவது அங்கே மாலை போட்டுக்கொண்டு நிற்க வேண்டும்.)

3

இப்போது தசரதன். அடி அண்ணாமலை கிராமத்துக்காரர், வேர்க்கடலை பயிர் போடுகிற குடும்பம். மனைவி போய்ச் சேர்ந்து ஐந்து வருடம். கல்யாணப் பெண் கவிநிலாவின் அப்பா முருகையன், அவருக்குச் சித்தப்பா மகன். முருகையனின் தங்கைதான் வேதா. வேதாவின் கணவர் திருமலை.

தசரதன் கல்யாணத்துக்கு வரவில்லை. மனத்தாங்கல். முருகையன் அவரைப் பஸ் ஸ்டாண்டில் பார்த்து, நின்றவாக்கிலேயே பத்திரிகையைக் கையில் திணித்துவிட்டு பஸ் ஏறிவிட்டார். வீட்டுக்கு வந்து, உட்கார்ந்து, தட்டில் வைத்துக் கொடுத்திருக்க வேண்டாமா? கோயிலில் தாலி கட்டி முடித்து மண்டபத்துக்கு வந்ததும் முருகையனுக்கு உறைத்தது. "மாப்ள, நீங்க போயி பெரியவர எப்படியாவது கூட்டிக்கினு வந்துடுங்க" என்று திருமலையை மொபெட்டில் அனுப்பினார்.

முதல் வரைவில் தசரதனைக் கொஞ்சம் கெட்டவராகவே எழுதியிருந்தேன். அப்படி எழுதினால் என் வேலை சுலபம். ஆனால் அவர் நம்மைப் போலத்தான்.

4

திருமலை தசரதன் வீட்டுக்கு வரும்போதே சட்டை நனைந்திருந்தது. "வெயில் ஜாஸ்தி மச்சான்" என்று கட்டிலில் உட்கார்ந்தார்.

"பஸ் ஸ்டாண்டுல நோட்டீஸ் குடுக்கற மாதிரி குடுத்தான். ஒரு வெத்தலை பாக்கு வெச்சானா எனக்கு?"

"அதுக்குத்தான நான் வந்திருக்கேன்." திருமலை சட்டைப் பையிலிருந்து வெற்றிலை பாக்கை எடுத்தார். மண்டபத்துத் தட்டிலிருந்து எடுத்து வந்தது. எழுந்து நின்று, இரண்டு கையாலும் தசரதன் கையில் வைத்தார். "ஏறுங்க மச்சான். நீங்க வராம நான் போக மாட்டேன். வேதா என்னை உள்ளயே உட மாட்டா."

தசரதனின் கோபம் அந்த நிமிஷமே இறங்கிவிட்டது. ஆனால் கூப்பிட்டவுடன் கிளம்பினால் என்ன மரியாதை? இன்னும் கொஞ்சம் கெஞ்சட்டும் என்று உள்ளே போனார். கொடியில் கண்ணெதிரே தொங்கிய சரிகை வேட்டியைத் தேடினார். பெட்டியைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார். "மச்சான், கொஞ்சம் தண்ணி" என்று குரல் வந்தது. வேட்டியைக் கட்டி முடித்து எடுத்துப் போகலாம் என்று நினைத்தார்.

சொம்போடு வெளியே வந்தபோது திருமலை சுவரில் சாய்ந்திருந்தார். கண் திறந்திருந்தது.

ஆட்டோவில் மடியில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார். டாக்டர் பார்த்துவிட்டு, கூட வந்தவர் நீங்கள்தானா என்று மட்டும் கேட்டார். ஆட்டோவில் உடன் வந்த பக்கத்து வீட்டுக் கண்ணாயிரத்தை அங்கே உட்கார வைத்துவிட்டு, தசரதன் அதே ஆட்டோவில் மண்டபத்துக்கு வந்தார். மொபெட் அவர் வீட்டு வேப்பமரத்தடியிலேயே நின்றது.

5

இப்போது இறங்கட்டும்.

"வந்துட்டீங்களா! எனக்குத் தெரியும்ணா, அவரு போனா நீங்க வந்துருவீங்கன்னு!" வேதா செம்பை இரண்டு குலுக்கு அதிகமாகவே குலுக்கினாள். தசரதனின் முகமெல்லாம் பன்னீர். துண்டால் துடைத்துக்கொண்டார். அந்தத் துண்டு முகத்திலேயே இருந்துவிடக் கூடாதா என்று இருந்தது அவருக்கு.

"எங்கண்ணா அவரு?"

தசரதன் வாயைத் திறந்தார். உள்ளே டிரம்ஸ் அதிர்ந்தது. மாப்பிள்ளை வீட்டார் நான்கு பேர் பின்னால் வந்து நின்றார்கள்.

"வண்டிய நிறுத்திட்டு வராரு" என்றார்.

"சரி, நீங்க மொதல்ல சாப்புடுங்க. அவரு வந்தாத்தான் நான் சாப்புடணும்." கல்கண்டை எடுத்து அவர் கையில் வைத்தாள். கொஞ்ச நேரத்துக்கு முன்னால் வெற்றிலை பாக்கு வாங்கிய அதே கை.

6

சமையல்கட்டுக்குப் பின்னால், அரிசி மூட்டைகள் அடுக்கிய அறையில் முருகையனிடம் சொன்னார். முருகையன் மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டார். தேடிக்கொண்டு வந்த அவர் மனைவி ரேணுகாம்பாளும் கேட்டுவிட்டு, அலறல் வெளியே போகாமல் முந்தானையைக் கடித்துக்கொண்டாள்.

"பாட்ட நிறுத்தச் சொல்லட்டுமா?" என்றார் முருகையன். பிறகு அவரே, "நிறுத்தினா ஏன்னு கேப்பா. பந்தி முடியட்டும்ணா. அப்புறம் சொல்லிக்கலாம்."

ரேணுகாம்பாள் அழுதுகொண்டேதான் சொன்னாள். அவளைத் தப்பாக எழுதிவிடக் கூடாது என்று கவனமாக இருக்கிறேன். "அது வரைக்கும் அவங்க வாசல்ல நிக்கலாமாங்க? எம் பொண்ணு இன்னிக்குத்தான் தாலி கட்டிக்கினு நிக்கறா. செம்ப மட்டும் நைசா வாங்கிடறேன். வேற யாரையாவது நிக்க வெக்கலாம்."

"எம் பொண்டாட்டி செத்து அஞ்சு வருசம் ஆவுது" என்றார் தசரதன். "நான் வரணும்னு ஆள் அனுப்பினீங்க. நான் நிக்கலாம், அவ நிக்கக் கூடாதா?"

அப்பளம் பொரிகிற சத்தம் கேட்டது.

"சொல்றதுன்னா மொதல்ல அவளுக்குச் சொல்லு. சொல்லாம கையில இருக்கறதப் புடுங்காத" என்றார் தசரதன்.

முருகையன் நிமிர்ந்து பார்த்தார். "அப்ப நீங்களே சொல்லுங்கண்ணா. கடைசியா கூட இருந்தது நீங்கதான."

கூட எங்கே இருந்தார்? வேட்டி தேடிக்கொண்டிருந்தார். அதைச் சொல்லாமல் தசரதன் வாசலைப் பார்த்து நடந்தார்.

7

இதற்கு மேல் மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன்.

அ) ஆஸ்பத்திரியில் திருமலை கண் விழிக்கிறார். எழுதும்போது சந்தோஷமாக இருந்தது. மறுநாள் படித்தபோது வெட்கமாக இருந்தது. அடித்துவிட்டேன்.

ஆ) தசரதன் வாசலுக்கு வருவதற்குள் ரேணுகாம்பாள் வேறு வழியாகப் போய், "குடுங்க, ரொம்ப நேரமா நிக்கறீங்க" என்று செம்பை வாங்குகிறாள். வேதா காலியான தன் கையைப் பார்க்கிறாள், ரேணுகாம்பாளின் கண்ணைப் பார்க்கிறாள், யாரும் சொல்லாமலே தெரிந்துகொள்கிறாள். ஊர்ப்பழக்கம் அறிந்தவர்கள் இப்படித்தான் நடந்திருக்கும் என்பார்கள். இருக்கலாம். நான் எழுத மாட்டேன்.

இ) தசரதன் சொல்கிறார்.

"வேதா, மாப்ள—"

"வேதா, நான் வேட்டியத் தேடிக்கினு—"

"அம்மா வேதா, இப்படி வந்து உக்காரு, மாப்ள வந்து—"

முடிக்க முடியவில்லை. அவருக்கு வரவில்லையா எனக்கு வரவில்லையா என்று தெரியவில்லை. எனக்கு அவளைப் பார்க்கப் பாவமாக இருக்கிறது, அவ்வளவுதான். நான் இந்த வாக்கியத்தை முடிக்காத வரையில் அவள் அரக்குப் பட்டில், கையில் செம்போடு, பசியோடு நிற்கலாம். எழுதுகிறவனால் செய்ய முடிந்த உபகாரம் இவ்வளவே. அது உபகாரமா என்பதிலும் எனக்குச் சந்தேகம். ரேணுகாம்பாளும் முருகையனும் செய்ய நினைத்ததைத்தானே நானும் செய்துகொண்டிருக்கிறேன்?

8

இதற்குள் நீங்கள் வந்துவிட்டீர்கள்.

கொஞ்சம் தாமதம்தான், பரவாயில்லை, கடைசிப் பந்திக்கு இலை போடுகிறார்கள். உள்ளே யாரோ சீட்டு எழுதிக் கொடுத்த பாட்டைக் குழுவினர் பாடுகிறார்கள். வீடியோக்காரர் விளக்கை உங்கள் பக்கம் திருப்புகிறார். வேதா உங்கள் மேல் பன்னீர் தெளிக்கிறாள். யார் வீட்டு ஆள் என்று அவளுக்குத் தெரியவில்லை. ஆனாலும் கேட்கக் கூடாது, அதுதான் முறை.

"வாங்க, வாங்க. நேரா போயி சாப்ட்டுருங்க, அப்புறமா மேடைக்குப் போலாம்." கல்கண்டுத் தட்டை நீட்டிவிட்டு உங்கள் தோளுக்கு மேலாக எட்டிப் பார்க்கிறாள்.

"ஏங்க, வெளிய ஒருத்தரு வண்டி நிறுத்திக்கினு இருந்தாரா? கட்டம் போட்ட சட்டை. யார் கூடயாவது பேசிக்கினு நின்னிருப்பாரு. பாத்தீங்களா?"

மேசைக்குப் பக்கத்தில் சரிகை வேட்டியில் ஒரு பெரியவர் நிற்கிறார். அவர் வாய் பாதி திறந்திருக்கிறது. அவர் உங்கள் முகத்தையே பார்க்கிறார்.

கல்கண்டு எடுத்துக்கொள்ளுங்கள். அவள் உங்களைத்தான் கேட்கிறாள்.