ஆறு சிறகும் கடைசி வரிசையும்

கேம்ப் தமிழ்ச் சபை ஹால் சுவரில் சியாமளா டீச்சர் ஒரு சார்ட் பேப்பரை ஒட்டியிருந்தார். தொண்ணூற்றேழாம் வருஷத்துக் கிறிஸ்துமஸ் நாடகத்தில் யாருக்கு என்ன வேஷம் என்ற பட்டியல் அது. மற்ற வருஷங்களில் வெள்ளை கவுன் போட்ட பத்துப் பிள்ளைகளை நிறுத்தி, எல்லாரும் தேவதூதர் என்று முடித்துவிடுவார்கள். இந்த முறை டீச்சர் அந்தக் காலத்துக் கிறிஸ்தவர்கள் சொல்லிவைத்த ஒன்பது வரிசையையும் காட்டியே தீருவேன் என்று கிளம்பியிருந்தார். உச்சியில் ஆறு சிறகுள்ள சேராபீன்கள். அடுத்து கேருபீன்கள். மூன்றாவது, சுற்றிலும் கண்ணாக இருக்கும் சக்கரங்கள். அதற்கு சைக்கிள் டயரில் அட்டைக் கண்களை ஒட்டிக்கொண்டிருந்தார்கள். இப்படியே இறங்கி எட்டாவதில் பிரதான தூதர், ஒன்பதாவதில் வெறும் தூதர்.

ஒட்டி ஒரு வாரம் கழித்துதான் ஜோஷுவா அதை மேலிருந்து கீழே வாசித்தார். பிழைக்க வந்த வடக்கத்தி ஊரில், தாபோடிப் பக்கம் ஒரு ஃபாக்டரியில் பத்தொன்பது வருஷமாக ஃபிட்டர். புரமோஷன் லிஸ்ட் ஒட்டும்போதெல்லாம் அப்படித்தான் கடைசிவரை வாசித்துவிட்டுப் பேர் இல்லாமல் திரும்புவார். இங்கே பேர் இருந்தது. உச்சியில் அவருடைய ஃபோர்மேன் துரைசாமியின் மகள். அடியில், ஒன்பதாவது வரிசையில், அவர் மகள் பியூலா.

நேரே டீச்சரிடம் போனார்.

"என்ன டீச்சர், ஆண்டவர் வீட்டுலயும் கிரேடு பாத்துதான் குடுப்பீயளோ? ஃபோர்மேன் மவ உச்சியில, ஃபிட்டர் மவ அடியிலயா?"

ஹாலில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அந்தக் கடைசி வரிசைதான் மனுஷரோடு பேசும், மேலே போகப் போக அவர்கள் கடவுளை மட்டும்தான் பார்த்துக்கொண்டிருப்பார்கள் என்று டீச்சர் சொல்ல ஆரம்பித்தார். ஜோஷுவா முடிக்க விடவில்லை. இருபது வருஷமாக இந்தச் சபைக்குப் பந்தல் கட்டுவது யார், பெஞ்சு தூக்குவது யார் என்று எல்லாவற்றையும் இழுத்தார். கடைசியில் டீச்சர் பேனாவை எடுத்து இரண்டு பேரையும் மாற்றி எழுதினார்.

இந்தி ஸ்கூலில் படிப்பதால் பியூலாவுக்குத் தமிழ் வாசிக்க வராது. தன் வசனத்தை இந்தி எழுத்தில் எழுதி வைத்து, ஒரு வாரமாகக் குளிக்கும்போதுகூடச் சொல்லிக்கொண்டிருந்தாள். அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் அந்தத் தாளை நாலாக மடித்துக் கணக்குப் புத்தகத்துக்குள் வைத்தாள். அழவில்லை. அவள் அம்மா சரசா மட்டும், சோறு போடும்போது, "உங்களுக்கு வேணும்னா நீங்க போய் சிறகு கட்டிக்கிட்டு நில்லுங்க" என்றாள்.

நாடகத்தன்று ஜோஷுவா முதல் பெஞ்சில் உட்கார்ந்தார். திரை விலகியது. பின்னால், உயரமான மேடையில், மூங்கிலும் வெள்ளைத் துணியுமாக ஆறு சிறகு. இரண்டு விரிந்திருந்தன. இரண்டு காலை மூடியிருந்தன. இரண்டு முகத்தை மூடியிருந்தன. கடவுளுக்கு முன்னால் சேராபீன் முகத்தை மூடிக்கொண்டுதான் நிற்குமாம். முக்கால் மணி நேரமும் அது அப்படியே நின்றது. அதற்கு வசனமும் கிடையாது.

ஒன்பதாம் வரிசை தூதன்தான் முன்னால் வந்தது. மேய்ப்பர்களுக்குச் செய்தி சொல்வது அதன் வேலை. ஃபோர்மேன் மகள், "மேய்ப்பர்களே, பயப்பட வேண்டாம்" என்று தொடங்கினாள். அத்தோடு மறந்துபோனது. அவளுக்கு வசனம் கையில் கிடைத்து நாலு நாள்கூட ஆகவில்லை. மேய்ப்பர்கள் முழித்தார்கள். ஹாலில் யாரோ இருமினார்கள்.

சிறகுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் மெதுவாக எடுத்துக் கொடுத்தது. ஒவ்வொரு வரியாக, ஒரு எழுத்து பிசகாமல். முன்னால் நின்ற பெண் அதைக் கேட்டுக் கேட்டுச் சொல்லி முடித்தாள். எல்லாரும் அவளுக்குக் கை தட்டினார்கள். ஜோஷுவாவுக்குக் கை எழவில்லை.

கேக் கொடுக்கும் இடத்தில் துரைசாமி தேடிக்கொண்டு வந்தார். "ஜோஷுவா, உம் மவ பெரிய மனசுக்காரி. தன் பார்ட்டையே எம் பிள்ளைக்கு விட்டுக் குடுத்திருக்கா. நல்லா வளத்திருக்கே" என்றார். பியூலா பக்கத்திலேயே நின்றாள், தோளில் சிறகுக் கயிறு அழுந்திய தடத்தோடு. ஜோஷுவா சிரித்தார். "எல்லாம் ஆண்டவர் கிருபை சார்" என்றார். மகள் அவரை ஒரு தரம் ஏறிட்டுப் பார்த்துவிட்டுக் கேக்கைத் தின்னத் தொடங்கினாள்.

லோக்கல் டிரெயினில் அவள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே கேட்டாள், "பப்பா, நான் தெரிஞ்சேனா?"

ஜோஷுவா சிறகு மூட்டையை மடியில் பிடித்தபடி தாபோடி வரைக்கும் குனிந்தே இருந்தார்.

மறுநாள் ஷிஃப்ட் தொடங்கும் முன்னாலேயே ஃபோர்மேன் அறை வாசலில் போய் நின்றார்.

"சார், அவ விட்டுக் குடுக்கல. நான்தான் டீச்சர்கிட்ட சண்டை போட்டு மாத்தினேன். வாய்க்கு வந்தபடி பேசிட்டேன். உங்களையும் சேத்து."

துரைசாமி அன்றைய வேலை எழுதிய ஜாப் கார்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"தெரியும்டே. அன்னைக்கு நான் பின் பெஞ்சுலதான் இருந்தேன்."



"அப்போ நேத்து ஏன் சார் அப்படிச் சொன்னிய?"

"பிள்ளை பக்கத்துல நிக்கும்போது வேற என்னத்தச் சொல்ல?" என்று அந்தக் கார்டை அவர் பக்கம் நகர்த்தினார். ஜோஷுவா அதை வாங்கிக்கொண்டார். அதில் என்ன எழுதியிருந்தது என்று மிஷின் பக்கத்தில் போய் வெகு நேரம் வாசிக்க வேண்டியிருந்தது.