பாய்காட் என்றொரு ஆள்

சுருளிராஜன் குட்டியானை வண்டியைப் பின்னால் எடுத்தபோது கண்ணாடியில் பார்த்தது தன் மீசையைத்தான். வண்டி இடித்து, அவருடைய திராட்சைப் பந்தலின் மூலைக் கல்தூண் சாய்ந்தது. கம்பி தொய்ந்து, ஒரு வரிசைத் திராட்சை தரைக்கு வந்துவிட்டது. கீழே கொத்து வெட்டிக்கொண்டிருந்த முனீஸ்வரி தோளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். அவர் இறங்கி ஓடிவந்து, வண்டியின் பின்விளக்கைத் தடவிப் பார்த்துவிட்டு, "கல்லுக்கிட்ட எவ நிக்கச் சொன்னா ஒன்னைய?" என்று கத்தினார்.

வெட்டுக்காரப் பெண்கள் கத்தரிகளைப் பெட்டிமேல் வைத்துவிட்டு வரிசையாக நடந்தார்கள். டீக்குப் போகிறார்கள் என்று நினைத்து, "எனக்கும் ரெண்டு வடை," என்று குரல்கூடக் கொடுத்தார் மனிதர்.

மறுநாளும் யாரும் வரவில்லை. ஓடைப்பட்டிக்கு மேலே மேகம் திரண்டிருந்தது. மழை விழுந்தால் பழுத்த பழம் வெடித்துவிடும். விசாரித்தால் ஒருத்திக்குக் காய்ச்சல், ஒருத்தி வீட்டில் விருந்தாளி. கூடலூரிலிருந்து ஆள் கூப்பிட்டால் அவர்களுக்கும் அதே காய்ச்சலாம். டீக்கடைக் கர்ணனைக் கேட்டால் டம்ளர் கழுவுவதிலேயே கண்ணாக இருந்தான்.

"இது பாய்காட்டுப்பா," என்றாள் கல்லூரியில் ஆங்கிலம் படிக்கும் மகள் திரிஷா.

"எலெக்சனப் பொறக்கணிக்கிறோம்னு போஸ்டர் ஒட்டுவானுகளே, அதா?"

"அதேதான். மொதல்ல அது ஒரு ஆளு பேரு. அயர்லாந்துல ஒரு பண்ணையாருக்கு ஏஜெண்டா இருந்தாரு. குத்தகையக் கொறைக்கச் சொன்னவுகள வெளியேத்தப் பாத்தாரு. அறுக்க ஆள் வரல, கடையில சாமான் குடுக்கல."

"அப்புறம்?"

"வெளியூர் ஆள வச்சு, பட்டாளக் காவலோட அறுத்தாரு. வெளஞ்சதவிடக் காவலுக்குத்தான் செலவு. கடைசில ஊரவிட்டே போயிட்டாரு. பேரு மட்டும் நின்னுபோச்சு."

"அப்ப நம்ம பேரும் அகராதில ஏறிரும்னு சொல்லு. 'இன்னைக்கு எங்க ஊர்ல சுருளிராஜன்'னு போஸ்டர் ஒட்டுவானுக."



எவளுக்கும் பணிவதில்லை என்று அவரே கத்தரியை எடுத்தார். அண்ணாந்து வெட்டி அரைப்பெட்டி நிறைவதற்குள் கழுத்து வானத்தைப் பார்த்தபடியே நின்றுவிட்டது. அந்தக் கழுத்தோடுதான் வெட்டு ஆட்களைக் கூட்டிவரும் பாண்டீஸ்வரி வீட்டுக்குப் போனார். அவள் கோழிக்குத் தவிடு பிசைந்துகொண்டிருந்தாள்.

"கூலி பத்தலையா, பாண்டீஸ்வரி? காய்ச்சல் கதை வேணாம்த்தா. நெசத்தச் சொல்லு."

அவள் கையைக் கழுவிவிட்டு நிமிர்ந்தாள்.

"கூலிக்கில்லண்ணே. முனீஸ்வரி கீழ கெடக்கையில நீங்க வண்டி விளக்கத்தான் தடவிப் பாத்தீக. இன்னைக்கி அவளுக்குக் கையத் தூக்க முடியல. அவ வாசல்ல வந்து நின்னு எப்படி இருக்கேன்னு கேளுங்க. அதுவரைக்கும் ஒரு கொத்து வெட்ட மாட்டோம். மழை பேஞ்சா பேயட்டும்."