இறங்கும்போது வேகம் முதலில்

சவப்பெட்டியின் இரண்டு பக்கமும் நிறுத்திய விளக்குகளுக்குப் பிளக் எட்டவில்லை என்று சவ ஊர்திக்காரர் சொன்னதும், பிரவீனா மேசைக்கு அடியில் குனிந்து அண்ணனின் மடிக்கணினி வயரைப் பிடுங்கினாள். மூன்று வருடமாக அந்த இடத்தில் வேறு எதையும் யாரும் சொருகியதில்லை. விளக்குகள் எரிந்தன. பெட்டிக்குள் அண்ணன் திருச்செல்வத்தின் முகத்தில் மஞ்சள் வெளிச்சம் பரவியது. வயரைச் சுருட்டிக் கையில் வைத்துக்கொண்டு, அதை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றாள்.

மணி பதினொன்று. இரண்டு மணிக்கு எடுப்பதாகப் பேச்சு. சிங்கப்பூருக்கு எதிர்க்கரையில், மாசாயில் அந்த வரிசை வீடுகளுக்கு முன்னால், பாதி ரோட்டை மறித்துக் கூடாரம் போட்டிருந்தார்கள். இரவு ஷிப்ட் முடிந்து தூங்காமல் வந்தவர்கள் மோட்டார் சைக்கிள் தலைக்கவசத்தை மடியில் வைத்துக்கொண்டு சிவப்பு நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தார்கள். ராஜசேகரன் மாமா தகனக் கூடத்துக்கு ஒரு போன், பூசாரிக்கு ஒரு போன் என்று வாசலிலேயே நடந்துகொண்டிருந்தார்.

அண்ணி கோமளா தலைமாட்டில் இருந்தாள். நேற்று விடியற்காலை ஆஸ்பத்திரியில் உயிர் பிரிந்ததிலிருந்து அழுது ஓய்ந்துபோன முகம். பிரவீனாவின் கையில் இருந்த வயரைப் பார்த்தாள்.

"அந்தக் கம்ப்யூட்டரையும் பெட்டியில வச்சிடு. அது இல்லாம அங்க போயி ஒரு நாளு இருக்க மாட்டாரு, உங்க அண்ணன்."

பக்கத்தில் இருந்த பெண்கள் சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்கள்.

பதினொன்றரைக்கு ஜெயபாலன் வந்தார். சிங்கப்பூரில் அண்ணனோடு ஒரே கம்பெனியில் பத்து வருடம் வேலை செய்தவர். பாலத்தில் ஜேம், இரண்டரை மணி நேரம் மாட்டிக்கொண்டேன் என்று யாரிடமோ சொல்லிக்கொண்டே காலணியைக் கழற்றினார். பெட்டிக்கு முன்னால் வந்து வெகுநேரம் கைகட்டி நின்றார். பிறகு கோமளாவின் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து மெல்லிய குரலில் சொன்னார்.

"அண்ணி, இப்ப பேசற விஷயம் இல்லதான். அவரு எழுதிட்டு இருந்தாருல்ல, அந்தக் கம்ப்யூட்டர் டிரைவரோட விளக்கம். அத வாங்கிச் சேர்க்கிறவரு, இந்தத் தடவைக்கு வந்ததையெல்லாம் இன்னிக்கு சாயங்காலம் மூட்டை கட்டிடுவாரு. விட்டா அடுத்தது பத்து வாரம் கழிச்சுத்தான். சனிக்கிழமை அவரு முடிச்சு வச்சது என்கிட்ட வந்திருக்கு. எடுக்கறதுக்கு முன்னாடி அனுப்பிடலாம்னு பாக்கறேன். அவரு வீட்ல இருக்கும்போதே போகட்டும்."

கோமளா புரியாமல் தலையாட்டினாள். "செய்ங்க அண்ணே. எனக்கு என்ன தெரியும்."

"ஒரு எழுத்துகூட மாத்த மாட்டேன். அவரோட கடைசி வார்த்த."

அடுப்படி வாசலில் நின்றிருந்த பிரவீனா நிமிர்ந்து ஜெயபாலனைப் பார்த்தாள்.

அந்த டிரைவரை அண்ணன் எழுதி ஒன்பது வருடம் ஆகிறது. கணினியின் அடிமட்டத்தில் ஓடும் நிரலில் அதுவும் ஒரு சின்னத் துண்டு. சில்லுக்குள் மூளைக்கும் நினைவகத்துக்கும் நடுவே ஒரு பாதை இருக்கிறது. அந்தப் பாதையில் போக்குவரத்து கூடினால் வேகத்தைக் கூட்டும், குறைந்தால் வேகத்தைக் குறைத்து மின்சாரத்தை மிச்சம் பிடிக்கும். அவ்வளவுதான் அதன் வேலை. கம்பெனி மூடிப்போனது. அந்தச் சில்லு மட்டும் உலகத்தில் எங்கெங்கோ ஓடிக்கொண்டிருந்தது. அதை எப்படிக் கையாளுவதென்று ஒரு பக்கம்கூட யாரும் எழுதி வைக்கவில்லை. சிறுநீரகம் போய் வேலையும் போனபிறகு, அண்ணன் அதை எழுத உட்கார்ந்தார்.

செவ்வாய், வியாழன், சனி. ரத்தம் சுத்தம் செய்யும் நிலையத்தில் நான்கு மணி நேரம். கோமளா பாசிர் கூடாங் தொழிற்சாலையில் ஷிப்டுக்குப் போவதால் கூடப் போவது பிரவீனாதான். முதல் வருடம் மடியில் கணினியை வைத்து அவரே தட்டினார். பிறகு சர்க்கரை கண்ணைக் கெடுத்தது. எழுத்துகள் எறும்பு மாதிரி ஓடுவதாகச் சொன்னார்.

"நான் சொல்றேன், நீ எழுது" என்றார் ஒரு நாள்.

"எனக்கு இங்கிலீஷ் வராதுண்ணே."

"தமிழ்லயே எழுது. யாரு உன்ன பரிட்ச எழுதச் சொன்னா."

மூன்றாம் படிவத்தில், பதினைந்து வயதில் பள்ளியை விட்டவள் அவள். வகுப்பில் எழுந்து ஒரு இங்கிலீஷ் பத்தி வாசிக்கச் சொல்லி, அவள் வாசித்த விதத்துக்கு நாற்பது பேர் சிரித்தார்கள். மறுவாரமே அம்மாவுக்கு உடம்பு முடியாமல் போனது. வீட்டில் ஆள் வேண்டும் என்று நின்றவள் திரும்பிப் போகவே இல்லை. நின்றதற்கு எது காரணம் என்று அண்ணன் ஒருநாளும் கேட்டதில்லை.

நூற்றிருபது பக்க நோட்டுகள் ஏழு ஆயின. இயந்திரம் சுற்றும் சத்தத்தில் அவர் சொல்வார், அவள் எழுதுவாள். புரியாததைக் கேட்டால் சந்தோஷப்படுவார். "பாசிர் கூடாங் ரோட்ட பாரு. காலையில ஏழு மணிக்கு வேன் எல்லாம் வருது, பத்து மணிக்கு ஈ காக்கா இல்ல. பத்து மணிக்கும் அத்தன சிக்னலும் எரியணுமா? வேஸ்ட்லா." நர்ஸ் ஷர்மினி ஊசியை எடுக்க வரும்போது, "உங்க ரெண்டு பேரு சீரியல் இன்னும் முடியலயா அங்கிள்?" என்பாள். திரும்பும் வழியில் கடையில் அவளுக்கு மட்டும் மைலோ ஐஸ். தனக்குத் தண்ணீர்கூட அளவுதான் என்பதால், அவள் குடிப்பதைப் பார்த்துக்கொண்டு, "மெதுவா குடி, நானும் குடிக்கறேன்ல" என்பார். வீட்டுக்கு வந்ததும் அவர் இங்கிலீஷில் சொல்லச் சொல்ல அவள் தட்டுவாள். இரண்டாம் வருடம் முடிவதற்குள், நோட்டில் இருந்ததைத் தானே இங்கிலீஷில் வைத்துப் பார்த்து, பிறகு அவருக்கு வாசித்துக் காட்டத் தொடங்கியிருந்தாள். அவர் சிரித்ததே இல்லை.

எத்தனையோ முறை அவளைத் திரும்பச் சொல்ல வைத்தது ஒன்று உண்டு. வேகத்தைக் கூட்டும்போது வோல்ட்டேஜை முதலில் ஏற்ற வேண்டும். குறைக்கும்போது வேகத்தை முதலில் இறக்கிவிட்டு, அதற்குப் பிறகுதான் வோல்ட்டேஜ்.

"ஓட விடறதுக்கு முன்னாடி சோறு போடு. சோத்த நிறுத்தணும்னா, முதல்ல ஓட்டத்த நிறுத்து. ஓடிட்டு இருக்கறவன் தட்ட புடுங்கினா என்ன ஆகும்?"

"விழுந்துடுவான்."

"சில்லு இருக்கற போர்டு அப்படியே செத்துடும். அதான்."

போன சனிக்கிழமை கடைசிப் பத்தி. அன்றைக்கு அவர் ஷர்மினியை மூன்று முறை வேறு பெயரில் கூப்பிட்டார். அது கோமளா அண்ணியின் அக்கா பெயர். திருத்தியபோது கோபம் வந்து, பிறகு கண் கலங்கினார். அந்த நிலையில்தான் சொன்னார்: குறைக்கும்போது முதலில் வோல்ட்டேஜ், அப்புறம் வேகம். பிரவீனாவின் பேனா நின்றது. அவர் முகத்தைப் பார்த்தாள். அந்த முகத்திடம் இன்னொரு திருத்தம் சொல்ல மனம் வரவில்லை. சொன்னபடியே எழுதினாள்; வீட்டில் அப்படியே தட்டி, அவர் சொன்னதும் ஜெயபாலனுக்கு அனுப்பினாள். செவ்வாய்க்கிழமை தெளிவாக இருப்பார், அப்போது கேட்டுக்கொள்ளலாம் என்று நினைத்தாள்.

இன்றைக்குத்தான் செவ்வாய்.

ஜெயபாலன் மேசையில் தன் கணினியை விரித்திருந்தார். பிரவீனா அவர் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றாள். போனாள். ஒரு தட்டில் தேநீர் எடுத்துக்கொண்டு மறுபடி வந்தாள்.

"பாலன் அண்ணே."

"வைம்மா."

"கடைசிப் பத்தி தப்பா இருக்கு."

அவர் திரும்பினார். கூடத்தில் பேசிக்கொண்டிருந்த இரண்டு பேரும் திரும்பினார்கள். அவளுக்குக் காது சூடானது.

"எது தப்பு?"

"எறங்கும்போது வேகம்தான் முதல்ல. மாறிப் போயிருக்கு."

"பிரவீனா, இது அவரு எழுதின டிரைவர்மா. அவரே சொன்னது. நாம கை வைக்கலாமா?"

"அன்னிக்கு அவருக்கு நெனவு சரியில்ல. எனக்கு அப்பவே தெரியும். நான் கேக்கல." தட்டை மேசையில் வைத்தாள். "யாராச்சும் இத படிச்சுட்டு அப்படியே செஞ்சா போர்டு நின்னுடும். அண்ணன் பேரு மேல இருக்கும்."

வாசலில் இருந்து ராஜசேகரன் மாமா குரல் கொடுத்தார். "என்னா அங்க? இப்ப போயி கம்ப்யூட்டர் கிளாஸா நடக்குது?"

பிரவீனா அறைக்குள் போனாள். ஓடி ஒளிந்துகொண்டாள் என்றுதான் எல்லாரும் நினைத்திருப்பார்கள். இரண்டாம் நோட்டும் ஐந்தாம் நோட்டும் கையில் இருக்கத் திரும்பி வந்தாள். பக்கத்தைப் பிரித்து வைத்தாள். இரண்டிலும் ஒரே வரி, ஒரு வருட இடைவெளியில். ஜெயபாலன் படித்தார். கணினியில் அண்ணனின் நிரலைத் திறந்து மேலிருந்து கீழே விரலால் தொட்டுக்கொண்டே வந்தார். ஓரிடத்தில் விரல் நின்றது.

"ஆமா" என்றார். "அப்படியே அனுப்பியிருப்பேன் நானு."

திருத்தினார். பிறகு கையை எடுத்துவிட்டார்.

"ஒண்ணு இருக்கும்மா. இதுல சும்மா மாத்த முடியாது. அவரு தன் பேரக் கையெழுத்தா போட்டு சனிக்கிழமை அனுப்பினது இது. அதுக்குக் கீழ, மாத்தினவங்க யாரு, என்னத்த மாத்தினாங்கன்னு அடைப்புக்குறிக்குள்ள ஒரு வரி எழுதி, தன் பேரையும் போடணும். அதான் அங்க வழக்கம்."

"உங்க பேரு போடுங்க."

"நான் கண்டுபிடிக்கலயே."

"அண்ணன் பேருலயே..."

"அவரு இனிமே கையெழுத்துப் போட முடியாதும்மா."

கோமளா தலைமாட்டில் இருந்தபடியே பிரவீனாவைப் பார்த்தாள். அந்த ஏழு நோட்டுகளையும் அவள் இத்தனை நாள் மளிகைச் சாமான் எழுதும் நோட்டு என்றுதான் நினைத்திருந்தாள்.

"அது எவ்வளவு நாளு இருக்கும், அந்தப் பேரு?" என்று கேட்டாள் பிரவீனா.

"அழிக்க முடியாது. உலகத்துல யாரு வேணா பாக்கலாம்."

"யாராச்சும் கேள்வி கேப்பாங்களா?"

"கேப்பாங்க."

வாசலில் பூசாரி மணியை ஆட்டிப் பார்த்தார். வாய்க்கரிசிக்கு நேரமாகிறது என்று மாமா சொன்னார்.

"போடுங்க" என்றாள். "பிரவீனா அர்ச்சுனன். அப்பா பேரு சேத்து."

"ஈமெயில்?"

பெருந்தொற்று நாளில் ஏதோ அரசாங்கப் பதிவுக்காக அண்ணன் செய்துகொடுத்த முகவரி ஒன்று இருந்தது. ஒரு கடிதம்கூட அதிலிருந்து போனதில்லை. எழுத்தெழுத்தாகச் சொன்னாள்.

"தவறிட்டாருன்னு ஒரு வரி போடவா?"

"இன்னிக்கு வேணாம்ணே."

அவர் கணினியை அவள் பக்கம் திருப்பினார். எந்தப் பொத்தானென்று சொல்ல வேண்டியிருக்கவில்லை. அழுத்திவிட்டுக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, வரிசையில் போய் நின்றாள். அவள் முறை வந்தபோது அரிசியை மெதுவாகப் போட்டாள், சிந்தாமல்.

இரண்டேகாலுக்கு எடுத்தார்கள். ஆண்கள் போனபிறகு தெரு விசாலமாகத் தெரிந்தது. பெண்கள் கூடத்தைக் கழுவிவிட்டார்கள். ஒருவர் பின் ஒருவராகத் தலை முழுகினார்கள். பிரவீனா வெளியே வந்தபோது விளக்குகளை ஊர்திக்காரர் எடுத்துப் போயிருந்தார். ஈரத்தலையோடு மேசைக்கு முன் நின்று அண்ணனின் கணினியைத் திறந்தாள். தன் முகவரிக்குள் போனாள்.

வாங்கிச் சேர்க்கிறவரிடமிருந்து இங்கிலீஷில் ஒரு கடிதம் வந்திருந்தது. அவர் ஊரில் இப்போதுதான் காலை போலிருக்கிறது. முதல் வரியில் இரண்டு பெயர்களும் இருந்தன: வணக்கம் திருச்செல்வம், வணக்கம் பிரவீனா. திருத்தத்துக்கு நன்றி என்றிருந்தது. சேர்த்துக்கொள்கிறேன், ஒரே ஒரு கேள்வி. வேகத்தை இறக்கியபிறகு வோல்ட்டேஜைக் குறைப்பதற்கு முன் எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும்? அதையும் ஒரு வரி சேர்க்க முடியுமா?

இரண்டாம் முறை வாசித்தாள், சத்தமாக, ஒவ்வொரு சொல்லாக. வீட்டில் யாரும் சிரிக்கவில்லை. நான்காம் நோட்டை எடுத்துப் பக்கங்களைப் புரட்டினாள்.

"பிரவீனா, சோறு ஆறுது" என்று கோமளா அடுப்படியிலிருந்து கூப்பிட்டாள்.

"இதோ அண்ணி. ஒரு வரி."

கோமளா வந்து பார்த்தாள். திரையில் இருந்தது அவளுக்குப் புரியவில்லை. அதில் தன் கணவனின் பெயரை மட்டும் கண்டுபிடித்து, அதையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு நோட்டின் மேல் சொட்டிக்கொண்டிருந்த கூந்தலை அள்ளி, தன் தோளில் கிடந்த துண்டால் சுற்றி, பிழியத் தொடங்கினாள். பிரவீனா தலையைச் சற்றுப் பின்னால் சாய்த்துக் கொடுத்தபடி தட்டிக்கொண்டிருந்தாள்.