கோயில் வாசலில் மட்டக்கம்பு

தேயிலைத் தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்கும் கண்டாக்காக இருந்த ஞானமுத்து ஓய்வு பெற்றதும் கடவுளுக்குச் செய்த முதல் ஊழியம், கோயில் வாசலில் பெரட்டு எடுக்க ஆரம்பித்ததுதான்.

தோட்டத்தில் காலையில் ஆள் கணக்கெடுத்து மலைக்கு அனுப்பும் இடம் பெரட்டு. பிந்தி வந்தால் விரட்டு. அன்றைக்கு வேலையும் இல்லை, சம்பளமும் இல்லை. முப்பத்திரண்டு வருடம் அங்கே நின்று பெண்களை விரட்டிய மனிதருக்கு, விரட்ட ஆளில்லாத வீடு இரண்டே மாதத்தில் கசந்துவிட்டது. டிக்கோயாப் பக்கம், பாலத்தைத் தாண்டித் தேயிலைக்கு நடுவில் இருக்கும் அந்தோனியார் கோயிலில் செயலாளர் பதவி காலியாகக் கிடந்தது. வேறு யாரும் கேட்கவில்லை. அதைத்தான் அவர் ஏகமனதான தெரிவு என்று சொல்லிக்கொண்டார்.

பதவியேற்ற மூன்றாம் வாரம் கோயில் கதவில் பிளாஸ்டிக் உறை போட்ட அறிவித்தல் தொங்கியது. 'பரிசுத்த ஆலயத்துக்கு ஏற்ற ஒழுக்கமான உடை.' மொத்தம் ஏழு விதி. முதல் ஆறும் பெண்களுக்கு. ஏழாவது ஆண்களுக்கு: கைபேசியை அணைத்து வைக்கவும்.

விதியைக் காக்க ஒரு மட்டக்கம்பும் வந்தது. கொழுந்தெடுக்கும்போது செடிக்கு மேலே படுக்க வைத்து, தேயிலை சமமாக இருக்கிறதா என்று பார்க்கும் கம்பு அது. கண்டாக்கு அதை நிமிர்த்திப் பிடித்தார். அடியிலிருந்து ஒரு சாண் உயரத்தில் சிவப்பு மையால் ஒரு கோடு. பெண்ணின் உடை அந்தக் கோட்டுக்குக் கீழே இறங்கினால் மோட்சத்துக்கு வழி உண்டு. மேலே நின்றால் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்குத்தான் வழி.

எல்லாவற்றையும் விட அழகானது ஆறாம் விதி. பாலத்தைத் தாண்டியபின் பெண்கள் உடையைத் தூக்கிப் பிடிக்கக் கூடாது. மழைக்காலத்தில் அந்தப் புல்வழியில் தூக்கிப் பிடிக்காமல் நடப்பவர்கள் இரண்டு வகை: ஊருக்குப் புதிதாக வந்தவர்கள், இரத்தம் குடிக்கிற அட்டைக்கு நேர்த்திக்கடன் வைத்தவர்கள். விதி வந்த நாளிலிருந்து, நற்கருணை வாங்க வரும் பெண்களின் பின்னால் தரையில் சின்னச் சின்ன இரத்தப் பொட்டுகள் வந்தன. கோயில் கூட்டுகிற கிழவர், இது தியாகத்தின் அடையாளமா என்று ஃபாதரிடம் கேட்டுப் பார்த்தார். ஃபாதர் சிரித்துவிட்டுப் பேச்சை மாற்றினார். மாதத்தில் ஒரு ஞாயிறு மட்டும் வந்து, பூசை வைத்து, அடுத்த தோட்டத்துக்கு ஓடுகிற மனிதர் அவர். இருக்கிற ஒரே செயலாளரைப் பகைத்துக்கொள்ள அவருக்கு நேரமில்லை.

ஐப்பசி மாதம் ஃபாதர் வந்த ஞாயிறு, கிஷாந்தின் பிள்ளைக்கு ஞானஸ்நானம். கிஷாந்த் செவ்வாய்க்கிழமை கட்டாருக்கு விமானம் ஏறுகிறான். திரும்ப இரண்டு வருடமாகும். பிள்ளையின் நெற்றியில் தண்ணீர் ஊற்றும்போது தான் பக்கத்தில் நிற்க வேண்டும், அவ்வளவுதான் அவன் கேட்டது. அதற்கு இந்த ஞாயிற்றை விட்டால் வேறு ஞாயிறு கிடையாது.

பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தவள் அவன் மனைவி நிஷாந்தி. பிரசவத்துக்குச் சீசர் பண்ணி ஏழு வாரம். சேலைக்கு உள்பாவாடை நாடாவை இறுக்கினால் தையல் போட்ட இடத்தில் உயிர் போகிறது. அதனால் முன்பக்கம் சிப் வைத்த ஒரு கவுன். பிள்ளைக்குப் பால் கொடுக்கவும் வசதி. முழங்காலுக்குக் கீழே நான்கு விரல் இறங்கியிருந்தது. தலையில் வெள்ளை முக்காடு. கூடவே வந்தவள் கிஷாந்தின் அக்கா ஜெயந்தினி, பிள்ளைக்கு ஞானத்தாய். பூசை முடிந்ததும், அன்றே கூலி தரும் கைக்காசு கொழுந்துக்குப் போக வேண்டும் என்று பையில் படங்கையும் சுருட்டி வைத்திருந்தாள். செடி கிழிக்காமல், நனையாமல் இருக்க இடுப்பில் சுற்றிக் கட்டுகிற தடித்த ரெட்டுத் துணிதான் படங்கு.

கண்டாக்கு வாசல் புல்லில் நின்றார். உடம்பில் தோட்டத்துப் பழைய துரை ஒருவர் விட்டுப்போன வெண்ணெய் நிறக் கோட்டும் கால்சட்டையும். துரை ஆறடி, கண்டாக்கு ஐந்தரை. மிச்ச அரை அடி புல்லில் இழுபட்டுக்கொண்டிருந்தது.

அவர் குனிந்து நிஷாந்தியின் காலருகே கம்பை ஊன்றினார். வரிசையில் நின்ற எல்லாரும் பார்த்தார்கள்.

"கோட்டுக்கு மேல நிக்குது. வீட்டுக்குப் போய் மாத்திக்கிட்டு வா."

"கண்டாக்கையா, சீசர் பண்ணியிருக்கு," என்றான் கிஷாந்த். "சேலை கட்ட ஏலாது. லயத்துக்குப் போய் வர ஒரு மணித்தியாலம் ஆகும். ஃபாதர் பத்து மணிக்கெல்லாம் கொத்மலைப் பக்கம் போயிருவாரு. நான் செவ்வாக்கிழமை போறேங்க."

"நீ கட்டாருக்குப் போ, எங்கயாச்சும் போ. ஆண்டவரோட வீட்டுக்கு இப்புடியா வாறது? அந்த நாட்டுல பொம்பளைங்க எப்புடி மூடிக்கிட்டு இருக்காங்கன்னு போய்ப் பாரு. பாத்துட்டு வந்து உன் பொண்டாட்டிக்குச் சொல்லு."

நிஷாந்தி பிள்ளையை மார்போடு இறுக்கிக்கொண்டு தலை குனிந்தாள். முகம் கழுத்துவரை சிவந்திருந்தது. பிள்ளை சிணுங்க ஆரம்பித்தது.

ஜெயந்தினி படங்கை எடுத்து உதறி, தம்பி மனைவியின் இடுப்பில் தளர்வாகச் சுற்றினாள். அது தரையைத் தொட்டது.

"இப்ப கம்ப வச்சுப் பாருங்க."

"நாலாம் விதி. வேலை உடுப்போட வரக் கூடாது."

"முப்பது வருஷமா அரைக் கால்சட்டையைப் போட்டுக்கிட்டு, தொடையைக் காட்டிக்கிட்டு மலையில நின்னீங்களே கண்டாக்கையா. நாங்க இருநூறு பொம்பளைங்க அதைப் பாத்துக்கிட்டேதானே கொழுந்தெடுத்தோம். எங்க ஆத்துமா கெட்டுப் போயிருக்குமோ?"

பின்னால் யாரோ இருமலைப் போலச் சிரித்தார்கள்.

"அது உத்தியோகம்," என்றார் கண்டாக்கு. "இது பக்தி. ஒரு பொம்பளைக்கு அடக்கம்னு ஒண்ணு இருக்கணும். அடக்கமில்லாதவ பெத்த பிள்ளைக்குத் தண்ணி ஊத்தி என்னா பிரயோசனம்?"

சிரிப்பு நின்றுவிட்டது. கிஷாந்த் ஓர் அடி முன்னால் வைத்தான். ஜெயந்தினி அவன் கையைப் பிடித்து நிறுத்தினாள். அவள் கண் கண்டாக்கின் முகத்தில் இல்லை, கீழே இருந்தது.

வெண்ணெய் நிறக் கால்சட்டையில், இடது தொடையின் உட்பக்கம், மிக மேலே, ஒரு சிவப்புப் பொட்டு. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது ஐந்து ரூபா நாணயக் குற்றியளவு ஆனது. பிறகு வெற்றிலையளவு. அட்டை கடிப்பது தெரியாது. குடித்து விழுந்த பிறகும் இரத்தம் மணிக்கணக்கில் நிற்காது. உத்தியோகக் காலத்தில் முழங்கால்வரை இறுகிய மேஜோடு என்ற நீளக் காலுறை அவரைக் காத்தது. பக்திக் காலத்தில் அதைக் கழற்றி வைத்திருந்தார்.

வரிசையில் எல்லாரும் பார்த்தார்கள். யாரும் சொல்லவில்லை. கண்டாக்கு கம்பை உயர்த்திப் பிடித்து, அடக்கம், ஒழுக்கம், கண்ணின் இச்சை என்று ஐந்து நிமிடம் பேசினார். பொட்டு முழங்காலை நோக்கி இறங்கியது. இவ்வளவு கவனமாக அவர் பேச்சை அந்தச் சபை எப்போதும் கேட்டதில்லை.

ஃபாதர் கடிகாரத்தைப் பார்த்தபடி வெளியே வந்தார். "என்ன ஞானமுத்து, நேரமாச்சே." பிறகு அவர் கண்ணும் கீழே போனது. "ஐயோ, இது என்ன?"

கண்டாக்கு குனிந்து பார்த்தார். கம்பு கையிலிருந்து விழுந்தது. தொடைக்கு மேலே இன்னும் ஓர் அட்டை நகர்வதுபோல் இருந்திருக்க வேண்டும். இரண்டு கையாலும் கால்சட்டையைப் பிடித்து முழங்காலுக்கு மேலே தூக்கினார்.

"ஆறாம் விதி, கண்டாக்கையா," என்றாள் ஜெயந்தினி. "பாலம் தாண்டினா தூக்கக் கூடாது."

இந்த முறை யாரும் இருமவில்லை. நேராகவே சிரித்தார்கள்.

"வீட்டுக்குப் போய் மாத்திக்கிட்டு வாங்களேன்," என்றார் ஃபாதர். வேறொன்றும் நினைத்துச் சொல்லவில்லை. ஆனால் அதே வாக்கியம், அதே வாசல்.

வீட்டுக்குப் போவதென்றால் மூன்று லயத்தைத் தாண்ட வேண்டும், அந்தக் கால்சட்டையோடு. ஞானஸ்நானப் பதிவேடு இருக்கும் அலுமாரியின் சாவி அவர் பையில். பதிவேட்டையும் சாவியையும் வேறு கையில் விட்டுப் போக மனமில்லாத கண்டாக்கு, யாரையும் பார்க்காமல் கையை நீட்டினார்.

"அந்தப் படங்க குடு."

"இவ கட்டினா வேலை உடுப்பு. நீங்க கட்டினா என்னா உடுப்பு?"

கண்டாக்கு நீட்டிய கையை மடக்கவில்லை. இரத்தம் சப்பாத்துக்குள் இறங்கிக்கொண்டிருந்தது.

"நிஷாந்தி, நீ உள்ள வாம்மா," என்றார் ஃபாதர். "இனிப் பிந்தினா எனக்கு முடியாது." துணிச்சல் என்று சொல்ல முடியாது, அவசரம். இருந்தாலும் கதவு திறந்தது.

ஜெயந்தினி நிஷாந்தியின் இடுப்பிலிருந்து படங்கை அவிழ்த்தாள். கையில் கொடுக்கவில்லை. கம்பு கிடந்த புல்லில் போட்டுவிட்டு உள்ளே போனாள்.

நிஷாந்தி கவுனோடு பீடத்துக்கு முன்னால் நின்றாள். தண்ணீர் பட்டதும் பிள்ளை கோயில் அதிரக் கத்தியது. கிஷாந்த் பக்கத்தில் நின்று மெழுகுவர்த்தியைப் பிடித்திருந்தான். மெழுகு உருகிக் கையில் விழுந்ததும் தெரியவில்லை அவனுக்கு. பின்வரிசையில், துரைக் கோட்டுக்குக் கீழே தேயிலைக் கறை படிந்த படங்கைக் கட்டிக்கொண்டு, செயலாளர் பதிவேட்டை எழுதினார். பிள்ளையின் பெயரைக் கேட்க அவர் மூன்று முறை வாயைத் திறக்க வேண்டியிருந்தது. முதல் இரண்டு முறை நிஷாந்திக்குக் காது கேட்கவில்லை.

கிஷாந்த் செவ்வாய்க்கிழமை போய்விட்டான்.

அடுத்த மாதம் ஃபாதர் வந்த ஞாயிறு கதவில் புது அறிவித்தல் தொங்கியது. எட்டு விதி. எட்டாவது: ஆலய வளவுக்குள் படங்கு கொண்டுவரத் தடை. பக்கத்தில் கண்டாக்கு கம்போடு நின்றார். கால்சட்டை பழைய மேஜோட்டுக்குள் முழங்கால்வரை செருகப்பட்டிருந்தது. ஏழாவது விதி அப்படியே இருந்தது.

ஜெயந்தினி எட்டையும் எழுத்தெழுத்தாகப் படித்தாள். பிறகு அவரிடம் வந்து, வரிசைக்கெல்லாம் கேட்கும்படி, மரியாதை குறையாமல் கேட்டாள்.

"படங்கு கொண்டுவரக் கூடாது. சரிங்க கண்டாக்கையா. நீங்க கட்டிக்கிட்டுப் போனத எப்ப கொண்டு வருவீங்க?"